பம்பாய் அச்சு

“டீச்சர், எனக்கு உடம்பு வரமாட்டேங்குது.”

தணிகாசலம் களிமண் காய்ந்த கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அல்லி திரும்பிப் பார்க்கவில்லை. ஈரக் களிமண்ணில் ஒரு முழங்காலை வனைந்துகொண்டிருந்தார்.

“உடம்பு இல்லாமலா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?”

பதில் அவ்வளவுதான். தணிகாசலம் சற்று நேரம் நின்று பார்த்தார். தம் பலகைக்குத் திரும்பினார்.

*

காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்தின் பின்புறம், ஓட்டம் நின்றுபோன பழைய ஐஸ் ஃபாக்டரி ஒன்று உண்டு. அதை வாடகைக்கு எடுத்து அல்லி சிற்பம் கற்பித்துவந்தார்.

அல்லிக்கு வயது முப்பத்தெட்டு. திருநங்கை. மனித உடம்பைத் தவிர வேறெதையும் அவர் செய்ததில்லை. அதையும் பிறர் செய்வதுபோல் செய்ததில்லை.

தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தேழு. மாணவர் அறுவரில் அவரே மூத்தவர், ஆசிரியரைவிடவும் மூத்தவர். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் புடவை கட்டிக்கொண்டு நிற்கின்றனவே பொம்மைகள், அவற்றை வியாசர்பாடிப் பட்டறையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வார்த்தவர். முதலாளி காலமானபின் பட்டறையும் அவர் கைக்கே வந்தது.

அவர் வார்த்த பொம்மை நிற்காத கடைத்தெரு இந்த மாநிலத்தில் இல்லை. ஆயினும் ஒரு பொம்மையிலும் அவர் பெயர் இல்லை.

ஒரே ஓர் உடம்பையாவது தம் பெயரிட்டு நிறுத்திவிட்டுக் கண்மூட வேண்டும். அந்த ஆசைதான் அவரை அல்லியிடம் கொண்டுவந்து விட்டது.

வந்த முதல் நாளே அவர் வெளியேறிவிட்டார்.

*

அது நடந்த விதம் இது.

கூடத்தில் உடம்புகள் நின்றன. எதன்மீதும் ஒரு முழத் துணி இல்லை.

ஒரு பெண்ணின் மார்பு. அதில் ஒரு பக்கம் மட்டுமே மார்பு; மறுபக்கம் தையல் போட்ட வடு. “பஸ் கண்டக்டர். ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது மாசம் அவங்களே வந்து, அச்சு எடுன்னாங்க” என்றார் அல்லி.

அதற்கு அப்பால் இரண்டு உடம்புகள் அடுத்தடுத்து நின்றன. ஒன்று இளைஞனுடையது. மற்றது பெண்ணுடையது. இரண்டுக்கும் ஒரே கழுத்து, ஒரே தோள்.

“இது என் இருபத்திரண்டு வயசு. அது முப்பத்தொண்ணு.”

தணிகாசலம் கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

பொம்மைத் தொழிலில் ஓர் ஒழுக்கம் உண்டு. கடையில் புடவை மாற்றும்போது கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டிவிடுவார்கள். வண்டியில் ஏற்றும்போது போர்வை சுற்றிக் கயிறு கட்டுவார்கள். உடுத்தாத பொம்மை ஊரார் கண்ணில் படக்கூடாது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் தணிகாசலம் இதில் ஒருநாளும் தவறியதில்லை.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அல்லியின் அந்தப் பெண்ணுடம்பின் மார்பில் போர்த்தினார். திரும்பிப் பாராமல் நடந்தார்.

நான்கு நாள் கழித்துத் திரும்ப வந்தார். துண்டை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

துண்டு போர்த்திய இடத்திலேயே இருந்தது. அருகில் ஓர் அட்டை தொங்கியது.

துண்டு. சிற்பி: தணிகாசலம்.

“இன்னா டீச்சர், கிண்டலா?”

“இல்லைண்ணா. நாலு நாள்ல அம்பது பேர் பார்த்துட்டுப் போனாங்க. என் உடம்பை ஒருத்தரும் பார்க்கலை. துண்டைத்தான் பார்த்தாங்க.”

தணிகாசலம் அட்டையைப் பார்த்தார். தம் பெயர் ஒன்றின் கீழ் தொங்குவதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். துண்டை எடுக்கவில்லை.

அல்லியின் இரண்டு உடம்புகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இந்த ரெண்டுல எது டீச்சர் நீங்க?”

அல்லி இரண்டு உடம்புகளுக்கும் நடுவே போய் நின்றார். வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“பசிக்குது. சாப்பிட்டு வந்து சொல்றேன்.”

சாப்பிட்டு வந்தார். சொல்லவில்லை.

*

நான்கு மாதங்கள் கடந்தன.

தணிகாசலம் முதியவர் ஒருவரைச் செய்தார். இடுப்பை லேசாக ஒடித்து, விலையுயர்ந்த வேட்டியைக் காட்டுவதுபோல் அந்த முதியவர் நின்றார். மீன் விற்கும் பெண்ணைச் செய்தார். அவளும் அப்படியே நின்றாள்.

சக மாணவி நஸ்ரினுக்கு வயது இருபத்துமூன்று. வாயை அடக்கத் தெரியாதவள்.

“இன்னா அங்கிள், மீன் கூடை தூக்குற அம்மாவுக்கு இருபத்தாறு இஞ்ச் இடுப்பா? தள்ளுபடி போட்டிருக்கான்னு கேட்குற மாதிரியே நிக்குது!”

“உன் வேலையைப் பாரும்மா.”

“என் வேலையே உங்களைப் பார்க்குறதுதான். சித்திரை வெயில்ல உள்ளே ரெண்டு பனியன், மேல முழுக்கைச் சட்டை. காசிமேட்டுல பனி கொட்டுதா?”

தணிகாசலம் களிமண் பக்கம் குனிந்துகொண்டார். காதுமடல் சிவந்தது.

காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பதினான்கு வயதில் அவர் மார்பு பெண்பிள்ளையின் மார்பைப்போல் எழும்பியது, பிறகு வற்றவில்லை. ‘பல ஆண்களுக்கு இப்படி உண்டு, பயமில்லை’ என்றார் மருத்துவர். தெரு வேறு ஒன்றைச் சொன்னது. அவர் தெரு சொன்னதைத்தான் நம்பினார்.

அன்றுமுதல் உள்ளே ஒரு பனியன், அதற்குமேல் இறுக்கமாய் இன்னொன்று. சட்டையைக் கழற்றி நுழையவேண்டிய கோயிலுக்குக் குடும்பம் போனால், அவர் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பார். குளியலறைக் கண்ணாடியை ஆணியோடு பிடுங்கிப் போட்டார். இருபத்தொன்பது ஆண்டு இல்லறத்தில், விளக்கெரியும் அறையில் மனைவி கோமதி அவர் மார்பைக் கண்டதில்லை.

அவரும் கண்டதில்லை.

*

கண்காட்சிக்குப் பதினைந்து நாட்கள் இருந்தன.

அல்லியிடம் ஒரே ஒரு விதி உண்டு. கண்காட்சியில் ஒவ்வொருவரும் ஓர் உடம்பை நிறுத்தவேண்டும். நிறுத்தாதவர் மறுநாள் முதல் வரவேண்டாம்.

“டீச்சர், நான் கிளம்பிடட்டுமா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“உங்க கையால செஞ்சதுலயே நல்ல உடம்பு எது?”

“அது கடைப் பொம்மை டீச்சர். இங்க அதுக்கு மதிப்பு இல்லை.”

“கொண்டு வாங்க.”

மறுநாள் ஆட்டோவில் கொண்டுவந்தார். போர்வை சுற்றி, கயிறு கட்டியிருந்தது. அவிழ்க்கும்போது அவர் குரலில் தானாகவே ஒரு மிடுக்கு ஏறிக்கொண்டது.

“ஏழாம் நம்பர். தலை, கை, காலெல்லாம் மாறும். இந்த நடு உடம்பு மட்டும் முப்பத்தெட்டு வருஷமா மாறலை. கடைக்காரங்க வேற எதையும் கேட்கமாட்டாங்க. பம்பாய் அச்சு, டீச்சர்!”

“பம்பாயா?”

“அங்க யாரோ ஒரு அழகியை நிக்கவெச்சு எடுத்தாங்களாம். முதலாளி ஆளனுப்பி வாங்கியாந்தார். சாக்குல சுத்தி வந்து இறங்கினது. நாங்க பம்பாய்க்காரின்னுதான் சொல்லுவோம். ஒருதடவை கோமதி கடை வாசல்ல இவளைப் பார்த்துட்டு நகரவேமாட்டேன்னுட்டா. இப்படி ஒரு உடம்பு இருந்தா கந்தலைக் கட்டினாலும் அழகுன்னா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன். உண்மைதானே?”

அல்லி கண்களை மூடிக்கொண்டு பொம்மையின்மேல் உள்ளங்கையை ஓட்டினார். இடது மார்புக்கு இரண்டு விரற்கடை கீழே கை நின்றது.

“இங்க மட்டும் வேற மாதிரி இருக்கு.”

தணிகாசலம் திகைத்தார். அதுவரை எந்தக் கடைக்காரருக்கும் அது தட்டுப்பட்டதில்லை.

“பட்டி வெச்சு அடைச்சிருக்கேன். அச்சுல இருக்குற ஒரே பழுது அதுதான். மூணு குழி. காத்துக்குமிழி. ஒவ்வொரு வார்ப்புலயும் விழும். அடைச்சுத் தேச்சு விட்டுருவேன். கண்ணை மூடிக்கிட்டே செய்வேன் டீச்சர், கை தானா அங்க போகும்.”

“முப்பத்தெட்டு வருஷமாவா?”

“முப்பத்தெட்டு வருஷமா.”

அல்லி பொம்மையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

“உங்க உடம்பை யாராவது அச்சு எடுத்திருக்காங்களா?”

“ஒரே ஒரு தடவை. வேலைக்குச் சேர்ந்த புதுசு, பத்தொம்பது வயசு. பனியன் கம்பெனிக்கு ஆம்பளைப் பொம்மை வேணும்னு முதலாளி நிக்கவெச்சார். வேலைக்காக நின்னேன். அச்சு உடைஞ்சுபோச்சுன்னார். நல்லதாப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.”

“நாளைக்கு நிக்கிறீங்களா?”

“எங்க?”

“இங்க. சட்டையைக் கழட்டிட்டு.”

தணிகாசலம் இரண்டடி பின்வாங்கினார்.

“வேற என்ன வேணாலும் கேளுங்க டீச்சர்.”

“வேற எதுவும் என்கிட்ட இல்லைண்ணா.”

அவர் போய்விட்டார். பொம்மையைப் போர்த்தக்கூட மறந்துவிட்டார்.

*

எட்டு நாட்கள் அவரைக் காணோம்.

ஒன்பதாம் நாள் காலையில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம்.

“யாரும் இருக்கக்கூடாது.”

அல்லி கையசைத்தார். நஸ்ரினும் மற்றவர்களும் வெளியேறினார்கள். கதவு சாத்தப்பட்டது.

சட்டை. முதல் பனியன். இரண்டாவது பனியன்.

தணிகாசலம் சுவரைப் பார்த்தபடி நின்றார். சிரிப்பொலி வரும் என்று காத்திருந்தார். பதினான்கு வயதுமுதல் அதற்காகத்தான் காத்திருந்தார்.

வாளியில் பிளாஸ்டர் மாவு கரையும் ஓசை மட்டும் கேட்டது.

“சிரிப்பு வரலையா டீச்சர்?”

“எதுக்கு?”

அவர் கண்ணைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

“கையைத் தூக்குங்க. மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, மாவு விரிசல் விடும்.”

வாசலைன் தடவி, நீர்த்த மாவைப் பூசி, அதன்மேல் மாவுக்கட்டுத் துணியை அடுக்கடுக்காய் ஒட்டினார் அல்லி. எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப்போடுபவரின் முகம்தான் அவருக்கு அப்போது இருந்தது.

மாவு இறுக இறுகச் சூடேறியது. அந்தச் சூட்டைத் தணிகாசலம் அறிவார். முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில் இதே சூடு. முதலாளி பக்கத்தில் நின்று, ‘அசையாதடா, அசையாதடா’ என்றார். சொல்லும்போது அவர் கண்களில் ஏதோ புதையலைக் கண்டுவிட்ட பளபளப்பு. அது என்னவென்று அன்றைக்கு விளங்கவில்லை.

அச்சைப் பிரித்து எடுத்தார்கள். தணிகாசலம் அவசரமாய் இரண்டு பனியனையும் மாட்டிக்கொண்டார்.

*

மறுநாள் அச்சில் மாவை ஊற்றினார்கள். அதற்கு மறுநாள் முற்பகல் அச்சை உடைத்தார்கள்.

வெள்ளையாய் ஓர் உடம்பு வெளிப்பட்டது. அல்லி அதைத் தூக்கி ஏழாம் நம்பருக்கு எதிரே நிறுத்தினார்.

“சுத்தம் பண்ணுங்க” என்றார்.

தணிகாசலம் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தொழிலாளியின் கை தன் வேலையைத் தொடங்கியது. பிசிறுகளைத் தட்டினார். ஓரங்களைத் தேய்த்தார். பட்டிக் கரண்டியை எடுத்தார். விரல்நுனியில் சிறிது பட்டியை உருட்டினார். கை தானாக இடது மார்புக்குக் கீழே போயிற்று. விரலின் கீழ் குழி தட்டுப்பட்டது.

“சை. இங்கேயும் காத்துக்குமிழி” என்று முணுமுணுத்தார்.

ஒன்றை அடைத்தார். அடுத்ததற்கு நகர்ந்தார். அதுவும் வழக்கமான இடத்திலேயே இருந்தது.

கை நின்றது.

குழி மூன்று. அடுப்புக் கற்களைப்போல் முக்கோணமாய் மூன்று.

இது புது அச்சு. நேற்று முன்தினம் எடுத்த அச்சு. பம்பாயிலிருந்து சாக்கில் வந்த அச்சு அல்ல.

கரண்டி கீழே விழுந்தது.

தணிகாசலம் திரும்பினார். ஏழாம் நம்பரின்மீது பாய்ந்தார். இடது மார்புக்கு இரண்டு விரற்கடை கீழே நகத்தால் சுரண்டினார். தாமே வைத்த பட்டி. தாமே தேய்த்த வழவழப்பு. அது பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. இரண்டு பனியனையும் ஒருசேர இழுத்துக் கழற்றி வீசினார். குனிந்து பார்த்தார், அந்த இடம் கண்ணுக்கு எட்டவில்லை. விரலை விட்டுத் தேடினார். ஏழு வயதில் அம்மை கண்டபோது முதுகெல்லாம் வடு விழுந்ததாக அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறார். இங்கும் விழுந்திருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

விரல் நின்றது. அங்கும் மூன்று குழி.

ஓசை கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த நஸ்ரின் வாசலிலேயே உறைந்துபோனாள். வாய்வரை வந்த கேலி எங்கோ போய்விட்டது.

மூன்று உடம்புகள் நின்றன. ஃபைபரில் ஒன்று. மாவில் ஒன்று. வியர்த்து நடுங்கிக்கொண்டு ஒன்று.

“டீச்சர்” என்றார் தணிகாசலம்.

“பம்பாய்லேர்ந்து யாரும் வரலை டீச்சர்.”

எந்தக் கேள்விக்கும் கைவசம் ஒரு விடை வைத்திருக்கும் அல்லி, அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் இதை எதிர்பார்த்திருக்கவில்லை.

“தெரு சிரிச்சதே டீச்சர். அதே தெருவுல, கண்ணாடிக்குப் பின்னாடி… கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவங்கெல்லாம்… கோமதி நின்னு பார்த்தாளே! நகரமாட்டேன்னாளே!”

அவர் ஏழாம் நம்பரின் தோளைப் பற்றிக்கொண்டார். விழாமல் இருக்கப் பற்றினாரா, அணைத்துக்கொண்டாரா என்று நஸ்ரினுக்குத் தெரியவில்லை.

“மூணு குழியையும் நானே அடைச்சேன் டீச்சர். ஒவ்வொண்ணுலயும். நானே.”

வெளியே படகு ஒன்றின் இயந்திரம் உறுமி அடங்கியது.

அல்லி சுவரை விட்டு நகர்ந்தார். கூடத்தின் நடுவே நின்ற தம் பெண்ணுடம்பிடம் போனார். நான்கு மாதங்களாய் அதன்மேல் கிடந்த துண்டை எடுத்தார். உதறினார். கொண்டுவந்து நீட்டினார்.

“துண்டு ஒண்ணுதான் இருக்கு. மூணு பேர் நிக்கிறீங்க. யாருக்குப் போர்த்தணும், சொல்லுங்க.”

தணிகாசலம் மாவுடம்பைப் பார்த்தார். ஏழாம் நம்பரைப் பார்த்தார். கடைசியாகத் தம்மைப் பார்த்துக்கொண்டார்.

துண்டை வாங்கினார்.

முகத்தை அழுந்தத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். பிறகு, காசிமேட்டில் எந்த ஆணும் போட்டுக்கொள்வதுபோல், அதை ஒரு தோளில் வீசிக்கொண்டார்.

வாசலை நோக்கி நடந்தார். வெளியே உச்சி வெயில். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூடச் சட்டை போட்டிருக்கவில்லை. நிலைப்படியில் கால் தயங்கியது.

“அங்கிள்” என்றாள் நஸ்ரின் மெல்ல. “கண்காட்சி நாளன்னிக்கு. உங்களோடது எது?”

அவர் திரும்பாமல் கையை நீட்டி ஏழாம் நம்பரைக் காட்டினார்.

“பட்டி உதிர்ந்துபோய்க் கிடக்குதே?”

“இருக்கட்டும்.”

“அட்டை எழுதணுமே?”

“பழைய அட்டையே போதும்மா. அதைக் கொண்டாந்து இதுல மாட்டு.”

தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“துண்டுன்னு எழுதியிருக்குதே, அதை மட்டும் அடிச்சிடு.”